முன்பருவ உருளைக்கிழங்கு: வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். வருடா வருடம் அதே கேள்விகள்தான். "சீக்கிரமே நட்டேன், அழுகிப் போச்சு." "சீக்கிரமே நட்டேன், செடி தளதளன்னு வந்துச்சு, கிழங்கு மட்டும் இல்ல." கேட்பவர்கள் எல்லோரும் அக்கறையோடு செய்தவர்கள்தான். அவசரத்தை மட்டும் இடம் மாற்றிக் காட்டியிருப்பார்கள். உருளையை முந்தி எடுக்க வேண்டுமானால், விதைக்கிழங்கு தட்டில் இருக்கும்போதே நாட்களை மிச்சம் பிடிக்க வேண்டும். மண்ணுக்குள் போன பிறகு அதை விரட்ட முடியாது. கீழே உள்ள பதில்களில் பாதி இதையேதான் சுற்றி வரும். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

முன்பருவ உருளைன்னா தனி ரகமா? இல்ல, சீக்கிரம் நட்டா எல்லாமே முன்பருவம்தானா?

ரகமும் வேண்டும், நேரமும் வேண்டும். உருளை ரகங்களை முதிர்வதற்கு ஆகும் நாட்களை வைத்துப் பிரிப்பார்கள். குறுகிய கால ரகங்கள் நட்ட 70 முதல் 90 நாட்களில் தோண்டத் தயாராகிவிடும். நடுத்தர ரகங்களுக்கு 90 முதல் 110 நாள். நீண்ட கால ரகங்களுக்கு அதற்கும் மேல். குஃப்ரி சந்திரமுகி, குஃப்ரி புக்ராஜ், ராக்கெட், ஸ்விஃப்ட் எல்லாம் முதல் வகை. நீண்ட கால ரகத்தை எவ்வளவு சீக்கிரம் நட்டாலும் அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் முதிரும்.

இடம் குறைவாக உள்ள தோட்டத்துக்கு நான் குறுகிய கால ரகத்தைத்தான் சொல்வேன். பாத்தி சீக்கிரம் காலியாகும். கடும் வெயிலும் நோயும் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். விரலால் தேய்த்தாலே தோல் உரியும் இளங்கிழங்கின் ருசி, தோட்டம் வைத்திருப்பவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

எந்த மாசம் நடணும்னு ஒரே வரியில சொல்லுங்களேன்.

மாதம் சொல்ல முடியாது. ஆனால் மண் சொல்லிவிடும். உருளை குளிர்ச்சியை விரும்பும் பயிர். கிழங்கு திரள்வதற்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான மண் மிகப் பொருத்தம். மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு கட்டுவது ஏறக்குறைய நின்றே போகும். அதே நேரம் மண் 7 டிகிரிக்குக் கீழே இருந்தால் முளை அசையாது, கிழங்கு ஈரத்தில் கிடந்து அழுகும்.

அதனால் குளிர் அதிகமுள்ள ஊரில் "சீக்கிரம்" என்றால் குளிர் விலகும்போது நடுவது. வெயில் அதிகமுள்ள ஊரில் "சீக்கிரம்" என்றால் வெயில் தணிந்ததும் நடுவது. நடும் ஆழத்தில், அதாவது விரல் நீளத்துக்கும் சற்றுக் கீழே, காலை வேளையில் மண்ணின் வெப்பத்தை நான்கைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். 8 முதல் 10 டிகிரிக்குக் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தாலும் நடலாம், 25-க்குக் கீழே இறங்கி வந்தாலும் நடலாம். வெப்பமானி இல்லையா? ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பிடித்துக் கையை விரியுங்கள். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் சரி. களிமண் மாதிரி பளபளவென்று ஒட்டிக்கொண்டு நின்றால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

ஒரு வருடம் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பாதிக் கிழங்குகளைச் சில்லென்ற ஈரமண்ணில் நட்டேன். மீதியை இரண்டு வாரம் கழித்து நட்டேன். பின்னால் நட்டதுதான் முதலில் தலைகாட்டியது. முன்னால் நட்டதில் மூன்றில் ஒன்று வெளியே வரவே இல்லை.

சமைக்க வாங்கினது கூடையிலயே முளைச்சிருக்கு. அதையே நடலாமா?

நட்டால் செடி வரும். ஆனாலும் நான் ஊக்குவிக்க மாட்டேன். சமையலுக்கு விற்கும் கிழங்கு எந்த ரகம் என்று தெரியாது. பெரும்பாலும் நீண்ட காலம் கெடாமல் இருக்கும் ரகமாகத்தான் இருக்கும், நமக்கு வேண்டியதோ குறுகிய காலம். சில கிழங்குகளுக்கு முளை அடக்கும் மருந்தும் போட்டிருப்பார்கள்.

இதைவிடப் பெரிய தொந்தரவு வைரஸ். இலைச் சுருட்டு வைரஸ் போன்றவை கிழங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அந்தச் செடியிலிருந்து அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோய்விடும். சான்று பெற்ற விதைக்கிழங்குக்கு ஆகும் கூடுதல் செலவு வீணில்லை.

முளைகட்டி நடறது அவசியமா? அப்படியே நட்டா முளைக்காதா?

முளைக்கும். ஆனால் முன்பருவப் பயிருக்கு இதுதான் உயிர்நாடி. வெளியே மண் இன்னும் சில்லென்று இருக்கும்போதே, வீட்டுக்குள் கிழங்கு தன் முதல் மாத வேலையை முடித்துவிடும். இதில் இரண்டு மூன்று வாரம் கையில் கிடைக்கும்.

முட்டை அட்டையில் கிழங்கைச் செங்குத்தாக அடுக்குங்கள். கிழங்கை உருட்டிப் பார்த்தால் ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். எதிர் முனையில், தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த தழும்பு, சின்னத் தொப்புள் மாதிரி தெரியும். கண்கள் நெருக்கமான முனை மேலே இருக்கட்டும். 10 டிகிரியை ஒட்டிய குளுமை, நல்ல வெளிச்சம், ஆனால் நேர் வெயில் கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் முளை 2 சென்டிமீட்டர் வரும். நல்ல முளை குட்டையாக, கட்டைவிரல் நுனி போலத் தடித்து, கரும்பச்சையாகவோ ஊதா சாயலோடோ இருக்கும். அடிப்பாகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் புடைத்திருக்கும். அவை வேராகப் போகிறவை. அந்தப் புள்ளிகள் தெரிந்துவிட்டால் கிழங்கு தயார் என்று அர்த்தம்.

என் முளை எல்லாம் வெள்ளையா, நூல் மாதிரி நீண்டிருக்கு. தூக்கிப் போட்டுடவா?

வேண்டாம். இருட்டிலோ வெக்கையிலோ இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நீண்ட முளை நடும்போது முறிந்துவிடும். அதனால் அதைக் கிள்ளிவிட்டு, கிழங்கை வெளிச்சத்தில் வையுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் மறுபடி முளை வரும். சுருங்கித் தோல் தொளதொளவென்று ஆகியிருந்தால் அதன் தெம்பு போய்விட்டது, அதை விட்டுவிடுங்கள்.

ஒரு கிழங்குல ஏழெட்டு முளை இருக்கு. அத்தனையும் விடலாமா?

முளை ஒவ்வொன்றும் ஒரு தண்டு. தண்டு கூடினால் கிழங்கின் எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும். முன்பருவத்தில் நமக்குக் கிடைப்பதோ குறைந்த நாட்கள். தடித்த மூன்று நான்கு முளையை வைத்துக்கொண்டு மற்றதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பெரிய கிழங்கை வெட்டி நட்டா ரெண்டு மடங்கு கிடைக்குமே?

மண் இதமாக இருக்கும்போது வெட்டி நடுவதில் தப்பில்லை. துண்டு ஒவ்வொன்றும் 40 முதல் 60 கிராம் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு கண் வேண்டும். வெட்டியதும் நடாமல், காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்தால் வெட்டுவாய் ஆறித் தோல் கட்டும். கத்தியை அவ்வப்போது துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் பருவத்தின் தொடக்கத்தில், மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது நான் வெட்டவே மாட்டேன். வெட்டுவாய் வழியாகத்தான் அழுகல் நுழைகிறது. கோழி முட்டை அளவுள்ள முழுக் கிழங்குதான் அப்போது பாதுகாப்பு. முளை வருவதற்கு வேண்டிய சாப்பாடும் அதில் நிறைய இருக்கும்.

நானே போன மாசம் தோண்டி எடுத்த கிழங்கு. எவ்வளவு வச்சும் முளைக்க மாட்டேங்குதே?

அது தூங்குகிறது. தோண்டிய கிழங்குக்கு ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டு மூன்று மாத உறக்க காலம் உண்டு. அதுவரை வெளிச்சம் காட்டினாலும் தண்ணீர் தெளித்தாலும் பலனில்லை. முன்பருவ நடவுக்கு, உறக்கம் கலைந்து முதல் முளை வெண்முத்து மாதிரி எட்டிப் பார்க்கும் கிழங்காகத் தேடி வாங்குங்கள்.

மண்ணுல என்னென்ன கலக்கணும்? சாணி, சாம்பல் எல்லாம் நிறைய போட்டா நல்லதுதானே?

உருளை வேரில் காய்ப்பதில்லை. தண்டின் அடியிலிருந்து மண்ணுக்குள்ளேயே கிளை ஓடி, அந்தக் கிளையின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. அந்தக் கிளை ஓடவும் நுனி பருக்கவும் மண் இளகி இருக்க வேண்டும். ஒரு முழ ஆழத்துக்குக் கிளறி, கல்லைப் பொறுக்கி, நன்றாக மட்கிய உரத்தைக் கலந்துவிடுங்கள். கனத்த மண்ணாக இருந்தால் மேட்டுப் பாத்தி போடுவது நல்லது. மேட்டில் நீரும் தேங்காது, வெயில் பட்டுச் சீக்கிரம் சூடேறும்.

பச்சைச் சாணம் வேண்டாம், சாம்பலை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்கும் சொறி நோய்க்கு மட்காத சாணம் சாதகம். சாம்பல் மண்ணைக் காரத்தன்மைக்கு இழுக்கும், அந்த மண்ணிலும் சொறி கூடும். லேசான அமிலத்தன்மைதான் உருளைக்குப் பிடித்தது. கார அமிலக் குறியீடு (pH) 5.2-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. தக்காளி, கத்தரி, மிளகாய் போன வருடம் இருந்த இடத்திலும் நடாதீர்கள். எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பொது. மூன்று வருட இடைவெளி விட்டால் நல்லது.

எவ்வளவு ஆழத்துல, எவ்வளவு இடைவெளியில?

10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம். கிழங்குக்குக் கிழங்கு 30 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 50 முதல் 60 சென்டிமீட்டர். முளை மேல்நோக்கி இருக்கட்டும். கையால் மண்ணைத் தள்ளி மூடுங்கள், மிதிக்க வேண்டாம்.

நட்டு மூணு வாரம் ஆச்சு, ஒண்ணுமே வரல. தோண்டிப் பாக்கலாமா?

மண் இதமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வரும். குளிர்ந்த மண்ணில் நான்கு, ஐந்து வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. ஒரு ஓரத்தில் ஒரே ஒரு கிழங்கை மட்டும், விரலால் மெதுவாக மண்ணை விலக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்து முளை வெள்ளையாகத் தெரிந்தால் மூடிவிட்டு அமைதியாக இருங்கள். அமுக்கினால் கூழாகி நாற்றம் வந்தால் அது போய்விட்டது. மற்றவற்றையும் பார்த்துவிட்டு மறுநடவு செய்யுங்கள்.

சில சமயம் விசித்திரமான ஒன்றைப் பார்ப்பீர்கள். இலையே வராமல், விதைக்கிழங்கின் மேலேயே கோலிக்குண்டு அளவில் குட்டிக் கிழங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான அறையில் அளவுக்கு மீறி முளைவிட்டு வயதான கிழங்கைத் திடீரென்று குளிர்ந்த மண்ணில் இறக்கினால் இப்படி ஆகும். அதனால்தான் முளைகட்டும்போது குளுமை வேண்டும், நடும்போது மண்ணில் போதிய வெப்பம் வேண்டும் என்று மேலே அழுத்திச் சொன்னேன்.

திடீர்னு ஒரு ராத்திரி பனி கொட்டி இலை எல்லாம் கருகிடுச்சு. அவ்வளவுதானா?

இல்லை. இலைதான் போயிருக்கிறது. மண்ணுக்குள் கிழங்கும் அடித்தண்டின் மொட்டுகளும் உயிரோடு இருக்கும், மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று வாரம் பின்தங்கும், விளைச்சலும் கொஞ்சம் குறையும். கருகியதைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

உறைபனி வரும் என்று தெரிந்தால் மாலையிலேயே குட்டிச் செடிகளை மண்ணால் முழுசாக மூடிவிடலாம். கொஞ்சம் வளர்ந்திருந்தால் வைக்கோல், பழைய போர்வை, செய்தித்தாள், எது கைக்குக் கிடைத்தாலும் போர்த்தலாம். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

மண் அணைக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன், எத்தனை தடவை?

கிழங்கு விதைக்கிழங்குக்கு மேலேதான் கட்டும், கீழே அல்ல. வளர வளர அது மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வரும். வெளிச்சம் பட்டால் பச்சையாகும். அதைத் தடுக்கத்தான் முக்கியமாக மண் அணைக்கிறோம். களையும் அடங்கும், மழைநீரும் தண்டருகே தேங்காமல் வழிந்துவிடும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் முதல் தடவை. இருபுறமிருந்தும் மண்ணை இழுத்து, செடியின் பாதி உயரம் வரை அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. குறுகிய கால ரகத்துக்கு இந்த இரண்டே போதும். வேரும் கிளையும் அறுபடும் என்பதால் செடிக்கு மிக அருகில் கொத்த வேண்டாம். மண் பற்றாக்குறையாக இருந்தால் கனமாக வைக்கோல் மூடாக்கு போடலாம். ஒளி புகாத அளவு கனம் வேண்டும்.

தினமும் தண்ணி ஊத்தணுமா?

முளை வெளியே வரும்வரை கொஞ்சமாக. அந்தக் கட்டத்தில் அதிக ஈரம் அழுகலைத்தான் தரும். செடி வெளியே வந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிழங்கு கட்ட ஆரம்பிக்கும். அங்கிருந்து மண் காயவே கூடாது. மேல்மண் ஈரமாக இருந்து உள்ளே உலர்ந்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. விரலை இரண்டு கணு வரை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

காய்ந்து கிடந்து, பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் குடித்த கிழங்கு வெடிக்கும், கோணல் மாணலாகப் புடைக்கும், நடுவில் பொந்து விழும். கிழங்கு கட்டும் நேரத்தில் வறட்சி என்றால் சொறியும் வரும். இலை நனையாமல் அடியில், காலை வேளையில் ஊற்றுவது உத்தமம்.

பையில வளர்க்கிறேன். மண்ணைப் போட்டு உயர்த்திக்கிட்டே போனா அடுக்கடுக்கா கிழங்கு வருமாமே?

இந்த ஆசையை நானும் பல இடங்களில் கேட்டுவிட்டேன். குறுகிய கால ரகங்களில் அப்படி நடப்பதில்லை. அவை கிழங்குக் கிளைகளை அடித்தண்டில் ஒரு குறுகிய உயரத்தில், ஏறக்குறைய ஒரே தவணையில் விட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு உயரம் மண் போட்டாலும் புது அடுக்கு வராது. இலைகளைப் புதைத்தால் நஷ்டம்தான்.

செடி ஒன்றுக்கு 10 லிட்டர் மண் என்று கணக்கு வையுங்கள். 30, 40 லிட்டர் பையில் மூன்று கிழங்கு. பையை மூன்றில் ஒரு பங்கு நிரப்பி நட்டு, செடி வளர வளர விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். பையில் ஒரு பெரிய வசதி: குளிர்ந்தால் உள்ளே இழுத்து வைக்கலாம், வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தலாம். கறுப்புப் பை வெயிலில் கொதித்துவிடும், அதன் பக்கவாட்டில் நிழல் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கவனமாகத் தண்ணீர் பார்க்க வேண்டும்.

செடி இடுப்பு உயரம், இலை கரும்பச்சை. தோண்டினா ஒண்ணுமே இல்ல. ஏன்?

தழைச்சத்து மிஞ்சிவிட்டது, அல்லது மண் சூடாகிவிட்டது. தழைச்சத்து கிடைத்துக்கொண்டே இருந்தால் செடி இலை விடுவதிலேயே இருக்கும், கிழங்குக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும். குறுகிய கால ரகத்துக்கு அந்தத் தாமதத்தைத் தாங்க நாள் இல்லை. உரத்தை அடியுரமாகவும் முதல் மண் அணைப்போடும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

பகல் மட்டுமல்ல, இரவுச் சூடும் முக்கியம். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேலேயே இருந்தால், பகலில் இலை சேர்த்த சத்தைச் செடி இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடும். கிழங்குக்கு மிச்சம் இருக்காது. மூடாக்கும் ஈரமும் மண்ணைச் சில டிகிரி குளிர்விக்கும், ஆனால் பருவத்தையே தவறவிட்டதை அவற்றால் ஈடுகட்ட முடியாது.

பூவே வரல. எப்ப தோண்டுறதுன்னு எப்படித் தெரியும்?

பூ ஒரு சாடைதான், விதி இல்லை. சில ரகங்கள் மொட்டிலேயே உதிர்த்துவிடும், சில பூக்காமலே நன்றாகக் கிழங்கு கட்டும். நட்ட நாளைக் குறித்து வைத்திருந்தால் 70 நாள் ஆனதும் சோதிக்கலாம்.

செடியைப் பிடுங்க வேண்டாம். அணைத்த மண்மேட்டின் ஓரத்தில் கையை உள்ளே விட்டு, இளகிய மண்ணில் விரல்களால் துழாவுங்கள். கல்லை விட வழுவழுப்பாக, குளிர்ச்சியாக ஒன்று தட்டுப்படும். முட்டை அளவு இருந்தால் திருகி எடுத்துக்கொண்டு மண்ணைத் திரும்ப மூடிவிடுங்கள். செடி மீதியைத் தொடர்ந்து வளர்க்கும். வருடத்தின் முதல் கிழங்கை இப்படித் துழாவி எடுக்கும் அந்த நிமிஷத்துக்காகவே நான் இத்தனையும் செய்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

செடியில குட்டித் தக்காளி மாதிரி காய்ச்சிருக்கே, சாப்பிடலாமா? பச்சையான கிழங்கு?

அந்தக் காயைச் சாப்பிடக் கூடாது, விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டதும் பறித்துவிடுங்கள். அதன் விதையை நட்டாலும் தாயின் ரகம் அப்படியே வராது.

பச்சைக் கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடியிருக்கும். பச்சை நிறம் பச்சையம்தான், ஆனால் வெளிச்சம் பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது. ஓரத்தில் லேசாகப் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். பாதிக்கு மேல் பச்சையானதும் கசப்பதும் சாப்பாட்டுக்கு ஆகாது.

இலையில கரும்புள்ளி. கருகல் நோயா?

அடி இலைகளில், வளையத்துக்குள் வளையமாகக் காய்ந்த புள்ளி என்றால் முன்கருகல். மெதுவாகப் பரவும், அந்த இலைகளைக் கிள்ளி எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வெந்நீர் பட்டது போல நனைந்த கருந்திட்டு, இலையைத் திருப்பினால் ஓரத்தில் வெண்பூஞ்சை என்றால் பின்கருகல். 1845-ல் அயர்லாந்தைப் பட்டினியில் தள்ளியது இதே நோய்தான். குளுமையும் தொடர் ஈரமும் இருந்தால் சில நாட்களில் பாத்தி முழுக்க எரிந்தது போல ஆகிவிடும்.

பின்கருகல் என்று உறுதியானால் தயங்காமல் செடிகளைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். மட்கு உரக் குழியில் போடாதீர்கள். கிழங்கை இரண்டு வாரம் மண்ணிலேயே விட்டு, பிறகு தோண்டுங்கள். முன்பருவப் பயிர் பல சமயம் இந்த நோய் தலையெடுப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். முதல் கேள்வியில் நோயைப் பற்றிச் சொன்னது இதைத்தான்.

தோண்டினதை எத்தனை நாள் வச்சுக்கலாம்? அதுலயே விதைக்கு எடுக்கலாமா?

இளங்கிழங்கின் தோல் முற்றாதது, நீர் சீக்கிரம் வற்றிவிடும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் தோண்டுவதுதான் அழகு. கழுவாமல் இருட்டில் குளுமையாக வைத்தால் சில வாரம் இருக்கும், ருசி மட்டும் நாளுக்கு நாள் குறையும்.

விதைக்கு வேண்டும் என்றால் நோயில்லாத நான்கைந்து செடிகளைத் தோண்டாமல் விட்டு, இலை பழுத்துக் காய்ந்து இரண்டு வாரம் ஆனதும் எடுங்கள். ஒன்றிரண்டு பருவத்துக்கு மேல் சொந்த விதையையே சுற்ற வேண்டாம். மூன்றாவது கேள்வியில் சொன்ன வைரஸ் ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், விளைச்சல் ஓசையில்லாமல் இறங்கும்.

பாத்தி காலியாயிடுச்சு. அடுத்து என்ன போடலாம்?

நன்றாகக் கிளறிய, களையில்லாத மண் அது. பீன்ஸ், கீரை, வெங்காயம், முள்ளங்கி எல்லாம் அதில் சுகமாக வரும். தக்காளி குடும்பம் மட்டும் வேண்டாம்.

எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் கோலிக்குண்டு அளவில் இரண்டு மூன்று கிழங்கு உள்ளே தங்கிவிடும். புதுப் பயிருக்கு நடுவே அவை முளைத்து வரும்போது பாவம் பார்க்காமல் கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள். கருகல் நோய் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குப் போவது பெரும்பாலும் இப்படித் தங்கிய கிழங்கின் வழியாகத்தான்.